மறு: 'தொகுதி எடைப்பிழை' சரியா? புதனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹற்றன் டீச்சர்:
வணக்கம். புதன்கிழமை உயர்தர அரசறிவியல் வகுப்பு. ஒரு தொகுதியில் வாக்காளர் கொஞ்சம், அடுத்ததில் இரண்டு மடங்கு, ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆசனம்தான். இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சொல் வேண்டும். இலங்கையின் பழைய சோல்பரி அரசியல் யாப்பில் மாகாணத்தின் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். பேர் என்றால் வாக்காளர் அல்ல, குடிசன மதிப்பீட்டில் எண்ணிய எல்லாரும். 1948இல் குடியுரிமையும் மறுவருடம் வாக்கும் போனபிறகும் தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களை எண்ணித்தான் மலைநாட்டுக்கு ஆசனம் வந்தது. வாக்குப் போட்டது மற்றவர்கள். 'தொகுதி எடைப்பிழை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மாத்தளை ஐயா:
எடைப்பிழையா? தராசுக்கடை வாடை அடிக்கிறது, அம்மா. குடித்தொகை, தொகுதி இரண்டுக்கும் வேர் 'தொகு'. 'கொழுந்து பறித்தாள்' இரண்டாம் வேற்றுமைத்தொகை. ஐ உருபு கண்ணுக்குத் தெரியாது, பொருள் மட்டும் தரும். அந்த மக்களும் ஆசனத்துக்குள் அப்படித்தான் தொக்கு நின்றார்கள். ஆகவே 'தொகுமறை'.

பண்டாரவளை:
ஐயா, தொக்கு என்றால் என் பிள்ளைகளுக்கு மாங்காய்தான் ஞாபகம் வரும். தோட்டத்திலேயே சொல் இருக்கிறதே! விடிய பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்றாலும் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். 'அரைப்பேர்த் தொகுதி' என்போம்.

மாத்தளை ஐயா:
பெரட்டு, செக்ரோல் இரண்டும் ஆங்கிலேயன் விட்டுப்போனவை. பரேட் திரிந்து பெரட்டு. தமிழ்ச்சொல் கேட்டால் துரை பங்களாவுக்குப் போகலாமா?

பண்டாரவளை:
'பேர்' தமிழ்தானே ஐயா. பெயர், பேர். நன்னூலை நீங்கள்தான் எடுப்பீர்கள்.

(தொகுப்பவர்: பெயர், பேர் மரூஉவா என்று நடந்த பதினொரு மடல்களை விட்டுவிடுகிறேன்.)

கம்பளை:
1978 யாப்புக்குப் பிறகு மாவட்டங்களுக்கு ஆசனம் பிரிப்பது பதிவான வாக்காளர் தொகையை வைத்து. மாகாணத்துக்கு நந்நான்காக 36 ஆசனம் மட்டும் தனி. அரைப்பேர் பழைய கதைக்குச் சரி, மற்ற நாடுகளுக்கு?

ஹற்றன் டீச்சர்:
பழைய கதைக்கும் சரிவராது. எங்கள் ஆட்களுக்கு அரைகூடக் கிடைக்கவில்லை. பேர் விழுந்தது இங்கே, சம்பளம் போனது அடுத்த வீட்டுக்கு. 'வாக்குப் பெறுமதி ஏற்றத்தாழ்வு' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு விளங்கும். அரைப்பேரை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பளை:
சரி.

பண்டாரவளை:
சரி, வேறு வழி?

மாத்தளை ஐயா:
பெறுமதி எதற்கு, 'மதிப்பு' போதாதா? தொகுமறையை நான் விடவில்லை.