மறு: ‘ஸ்ட்ரீமிங்’ — ஓடை, தாரை எல்லாம் பார்த்தாச்சு, ‘வரத்து’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உவரிக்காரனான என் நண்பன் துபாயில் ஓர் உல்லாசப் படகில் வேலை பார்க்கிறான். படகில் இருக்கும் டிவி, ஆன்டெனா, வைஃபை பெட்டி இவற்றைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கூட வேலை செய்யும் தமிழ்ப் பையன்களுக்காகப் பத்துப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னான். ‘ஸ்ட்ரீமிங்’ என்ற இடம் வந்ததும், அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அப்படித்தான் இந்த இழை தொடங்கியது.

> ஸ்ட்ரீமிங் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். எல்லாருக்கும் புரியுமே.

பேச்சில் அது போதும். கையேட்டில் போதாது, ஏன் என்று சொல்கிறேன். படகில் டிவிக்குப் படம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கூண்டுக்குள் இருக்கும் டிஷ். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிற்கும். படகுதான் ஆடும், திரும்பும். அதனால் டிஷ் தானாகவே திரும்பித் திரும்பி வானத்தில் அந்த ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது ஒளிபரப்பு. இரண்டாவது, இணையம் வழியாக வருவது: கரையின் செல்போன் டவரிலிருந்தோ, படகுத்துறை வைஃபையிலிருந்தோ, ஸ்டார்லிங்க் போலத் தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களிலிருந்தோ. இதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இரண்டில் எது நின்றாலும் விருந்தினர் சொல்வது ஒன்றுதான்: “டிவி வரலை.” பையன்களும் அதையே சொல்லிக்கொண்டு மேலே ஏறி டிஷ்ஷைக் குடைகிறார்களாம். உண்மையில் இரண்டும் கெடும் விதமே வேறு. டிஷ் குறி தப்பினால் படம் அந்த நிமிடமே சில்லுச் சில்லாக உடைந்து கறுத்துப்போகும். இணையம் அறுந்தால் படம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், அப்புறம் உறையும், நடுவில் வட்டம் சுற்றும். முதலாவதற்கு ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குச் சிக்னலைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் கையேட்டில் ஒரு வரியில் முடிந்துபோகிற காரியம் இது.

தூத்துக்குடி அண்ணாச்சி சொன்ன ‘தாரை’ காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாரை என்றால் அறாமல் விழ வேண்டும். அபிஷேகத்தில் பார்க்கிறோமே, நூல் பிடித்ததுபோல். ஸ்ட்ரீமிங் அப்படி இல்லை. முழுப் படமும் சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு அந்தப் பக்கம் கிடக்கிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்னும் ஸ்ட்ரீமிங் முறையில் ஒரு துண்டுக்கு 6 நொடி என்பது இப்போது அவர்களே பரிந்துரைக்கும் அளவு. நம் டிவி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. கேட்காவிட்டால் வராது. அப்புறம், ‘தாரை வார்த்துக் கொடுத்தான்’ என்பது நம் ஊரில் இழந்ததைத்தான் சொல்லும்.

பாளையங்கோட்டை அக்காவின் ‘ஓடை’யைப் பலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள், தெரியும். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் களக்காட்டுப் பக்கம் ஓடை என்றால் மழை பெய்தால் இரண்டு நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடப்பது. அது யாரையும் கேட்டு ஓடுவதில்லை, யாருக்காகவும் ஓடுவதில்லை. நண்பன் தன் பங்குக்கு ‘நீவாடு’ சொன்னான். கடலில் நீரோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் சொல். அருமையான சொல்தான், ஆனால் அது படகைத் தள்ளிக்கொண்டு போகும், படகுக்கு ஒன்றும் கொண்டுவந்து தராது.

இனி ‘வரத்து’ எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இது நான் யோசித்த சொல் இல்லை.

போன மாதம் நண்பன் விடுமுறையில் வந்திருந்தான். சொல்லைப் பற்றிப் பேசிப் பேசி, சரி, ஒருமுறை கடலில் வைத்தே பார்த்துவிடுவோம் என்று அவன் அண்ணனுடைய ஃபைபர் வள்ளத்தில் உவரியிலிருந்து போனோம். வாழைத் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவும் கடலுக்குள் போய்ப் பார்த்ததே இல்லை என்று கூட வந்தார். செல்போனைப் பாலித்தீன் உறையில் போட்டு ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்து, ஒரு பழைய படத்தை ஓடவிட்டோம். கரையில் கப்பல் மாதா கோயில் விரற்கடை அளவுக்குச் சுருங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் முகங்கள் மெழுகினாற்போல் மங்கின. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுகூட இல்லை. படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டு எண்ணும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“வரத்து நின்னுட்டுலே. இவ்வளவு நேரமும் குளத்துல கெடந்த தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத் துண்டும் தெரியாது, வந்த துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபரும் தெரியாது. ஆனால் ஸ்ட்ரீமிங்கின் முழு அமைப்பும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. வருவது வேறு, சேர்ந்து கிடப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு. வரத்து குறைந்தாலும் இருப்பு தீரும்வரை பாசனம் நடக்கும்.

மழைக்காலத்தில் நம் மாவட்டத்தில் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் தேடுவது அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு அளவு நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வரத்து நொடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் நொடிக்கு இத்தனை கன அடி. இணைய வேகத்தையும் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்றுதானே சொல்கிறோம்? நல்ல தரப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வரத்து வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிகாபைட் ஆகும். கணக்குச் சொல்லித்தரக்கூட இந்தச் சொல் ஒத்துழைக்கிறது.

துண்டு துண்டாக வருகிறதே, அதற்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள். சந்தையில் ‘வாழைத்தார் வரத்து இன்றைக்குக் குறைவு’ என்கிறோம். தார் லோடு லோடாகத்தான் வருகிறது, அதையும் வரத்து என்றுதான் சொல்கிறோம்.

ஆக, என் முன்மொழிவு: ஸ்ட்ரீமிங் — வரத்து. ‘நேற்று அந்தப் படத்தை இறக்கிப் பார்த்தேன்’ என்பதற்கு எதிராக ‘வரத்தில் பார்த்தேன்’. பஃபருக்கு அகராதிகளில் உள்ள ‘இடையகம்’ வேண்டாம், ‘இருப்பு’ போதும். சிக்னலுக்குத் தக்கபடி படம் மங்குவதும் தெளிவதும் ‘வரத்துக்கேற்ற தரம்’. நேரலை என்பதை அப்படியே விட்டுவிடுவோம். அது தன் கால்களில் நிற்கும் சொல். ஆனால் நேரலையையும் வரத்தில் பார்க்கலாம் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு இருப்பு குறைவு, ஏனென்றால் இன்னும் நடக்காததை முன்கூட்டியே சேர்த்துவைக்க முடியாது. கிரிக்கெட் மட்டும் ஏன் முதலில் நிற்கிறது என்று விருந்தினர் கேட்டால் பையன்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

ஒரு இடத்தில் உவமை முழுதாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளம் நிறைந்தால் மறுகால் பாயும். டிவியில் இருப்பு நிறைந்தால் அது மேற்கொண்டு கேட்பதை நிறுத்திக்கொள்ளும், வழிவது இல்லை.

களக்காட்டிலிருந்து அன்புடன்.

----

தம்பிக்கு,

ஓடையை விட்டுக்கொடுக்க எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சித்தப்பா சொன்னதைப் படித்தபின் வாதாட மனம் வரவில்லை. இரண்டு கேள்விகள். ஒன்று, பார்ப்பவனுக்கு வரத்து. அனுப்புகிறவனுக்கு என்ன வினை? அவன் ‘வரத்துகிறான்’ என்று எழுதிவிடாதே, வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு, ‘உல்லாசப் படகு’ என்கிறாய். செய்தித்தாள்கள் உல்லாசம் என்ற சொல்லைக் கெடுத்து வைத்திருக்கும் விதத்தில் அதைக் கையேட்டில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா.

----

அக்காவுக்கு வணக்கம்.

வினைக்கு நம் அணைகளிலேயே சொல் இருக்கிறது: ‘திறந்துவிடு’. வரத்து இங்கே, திறப்பு அங்கே. ‘நிறுவனம் படத்தை வெள்ளிக்கிழமை திறந்துவிடுகிறது’ என்றால் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டதுபோல் எவருக்கும் புரியும்.

உல்லாசம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ‘உலாப் படகு’ என்று மாற்றிவிட்டேன்.

நண்பன் ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறான். அதற்குள் யாராவது பார்த்துத் திருத்தினால் நல்லது என்பதால் மூன்றாம் பக்கத்து வரிகளை இங்கே இடுகிறேன்:

“டிவி வரலை என்றால் முதலில் படத்தைப் பார். சில்லுச் சில்லாக உடைந்தால் ஒளிபரப்பில் கோளாறு: மேலே போய் டிஷ் கூண்டைப் பார். முதலில் மங்கி, பிறகு நின்று, வட்டம் சுற்றினால் வரத்து குறைந்திருக்கிறது: டிஷ்ஷைத் தொடாதே. கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார். கடலில் மலையும் கட்டடமும் மறைப்பதில்லை, பூமியின் வளைவுதான் மறைக்கும். 40 மீட்டர் டவருக்கும் தண்ணீருக்கு மேலே 2 மீட்டரில் உள்ள ஆன்டெனாவுக்கும் இடையே கணக்குப்படி 32 கி.மீ. எல்லை, அதே ஆன்டெனாவைப் பாய்மரத்தில் 10 மீட்டருக்கு ஏற்றினால் ஏழு கிலோமீட்டர் கூடும். எல்லை தாண்டிப் போவதாக இருந்தால், விருந்தினர் பார்க்க விரும்புவதைப் படகுத்துறையிலேயே இறக்கி வைத்துக்கொள். வரத்தை நம்பாதே.”

‘வரத்தை நம்பாதே’ என்பது கடுமையாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நண்பன் அப்படியே இருக்கட்டும் என்கிறான்.