சென்னை ஐஐடி முதலாண்டு: படிப்புக்கும் நட்புக்கும் நேரம் போதவில்லை

கேள்வி (முதலாண்டு மாணவி)
மூத்தவர்களுக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இவ்வாண்டு சென்னை ஐஐடியில் சிவில் பிரிவில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் என் ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) பத்துக்கு 6.9. வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதை இரவில் மறுபடியும் படித்துப் புரிந்துகொள்ளவே நேரம் போய்விடுவதால், விடுதியில் என் விங்கில் (ஒரே வரிசை அறைகளில்) உள்ளவர்கள் சாப்பிடவோ விளையாடவோ கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டேன். இப்போது அவர்கள் கூப்பிடுவதும் இல்லை. ஜனவரியில் நடக்கும் சாரங் கலைவிழாவுக்குத் தன்னார்வலராக வர முடியுமா என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். போக ஆசையாக இருக்கிறது, ஆனால் மதிப்பெண் இன்னும் இறங்கினால் வீட்டில் என்ன சொல்வேன் என்று அச்சமாகவும் இருக்கிறது. முதலாண்டில் படிப்பை மட்டும் பார்ப்பதுதான் சரியா?

பதில் 1 (நான்காம் ஆண்டு மாணவர்)
சாரங்குக்குப் போங்கள் தங்கை. அவ்விழா செமஸ்டரின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. முதல் க்விஸ் தேர்வு அதற்குப் பிறகுதான் வரும். நேரத்தை அதிகம் கேட்பவை லிட்சாக் (இலக்கியம், கலை), ஷ்ரோட்டர் (விளையாட்டு) போன்ற விடுதிகளுக்கிடையிலான போட்டிகள்தான், ஏனெனில் அவை ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் இவ்வாண்டு ஒன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் 2 (முன்னாள் மாணவர்)
மேலே சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நம் பாடத்திட்டத்தில் 10 கிரெடிட் பாடம் என்றால், வகுப்பில் 4 மணி நேரமும் வெளியே 6 மணி நேரமும் வாரந்தோறும் தேவைப்படும் என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி 50 கிரெடிட் எடுத்தால் வாரத்தின் 168 மணி நேரத்தில் 50 அதற்கே போகும்; தூக்கத்துக்கு 56 போக, எஞ்சும் 62 மணி நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, நட்பு, விழா எல்லாம் அடங்க வேண்டும். நேரம் இருக்கிறது, ஆனால் அது வாரம் முழுவதும் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதால் இல்லாததுபோல் தோன்றுகிறது. விழா வேலைக்காக வகுப்பை மட்டும் விடாதீர்கள். வருகை 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டபிள்யூ கிரேடு வந்து, அந்தப் பாடத்தையே மறுபடி எடுக்க நேரிடும். இன்னொன்று: கிரேடுகளில் எஸ் (10 புள்ளி) முதல் டி (6 புள்ளி) வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளிதான் குறையும், ஆனால் டி-யிலிருந்து இ-க்கு இறங்கினால் 6 என்பது 4 ஆகிவிடும். ஆகவே நன்றாக வரும் பாடத்தை மெருகேற்றுவதைவிட, மிகவும் பின்தங்கிய பாடத்துக்கு முதலில் நேரம் கொடுங்கள்.

பதில் 3 (மூன்றாம் ஆண்டு மாணவி)
நானும் தமிழ்வழியில் வந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் 6.9-ஐ நட்பு குறைக்கவில்லை. நீங்கள் தனியாகப் படிப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இரவில் மூன்று மணி நேரம் போராடிப் புரிந்துகொள்ளும் ஒரு கணக்கை, பக்கத்து அறையில் இருப்பவரிடம் கேட்டால் பல நேரங்களில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் கேட்குமளவுக்குப் பழக்கம் வேண்டுமானால் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். எனவே இரவு உணவுக்கு மட்டுமாவது தினமும் விங்கோடு போங்கள். எப்படியும் சாப்பிடத்தானே வேண்டும்? அவர்கள் கூப்பிடக் காத்திராமல், நீங்களே இரண்டு கதவுகளைத் தட்டுங்கள். கூப்பிடாமல் விட்டது கோபத்தினால் இருக்காது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஒப்பீட்டு முறையில் கிரேடு போடும் வகுப்புகளில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் ஆங்கிலத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

சாரங்குக்குச் சம்மதம் சொல்லும்போதே, வகுப்பு நேரத்தில் வர இயலாது என்று அந்த அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவரும் முதலாண்டைக் கடந்து வந்தவர்தான், மறுக்கமாட்டார்.