குளியலறையில் சிஎஃப்எல் விளக்கு விரைவில் பழுதாவது ஏன்?

கேள்வி:
எங்கள் கூடத்தில் 15 வாட் சிஎஃப்எல் விளக்கு (வளைந்த கண்ணாடிக் குழாய் கொண்ட மின்விளக்கு) ஆண்டுக்கணக்கில் எரிகிறது. அதே வகை விளக்கைக் குளியலறையில் பொருத்தினால், சில மாதங்களிலேயே விளக்குக் குழாயின் முனைகள் கருத்து அணைந்துவிடுகிறது. குண்டு பல்புக்கே திரும்பிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 15 வாட்டுக்குள் தருவது சிஎஃப்எல்லின் பெருஞ்சிறப்பு. ஆனால் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் மின்முனைகளில் உள்ள பூச்சு சிறிது தேய்கிறது. நீங்கள் கண்ட கருமை அந்தத் தேய்மானத்தின் தடயம்தான். நெடுநேரம் தொடர்ந்து எரியும் கூடத்தில் அது பல ஆயிரம் மணி நேரம் உழைப்பதும், நாளுக்கு இருபது முறை போட்டு அணைக்கும் குளியலறையில் சீக்கிரம் ஓய்ந்துவிடுவதும் இதனால்தான். முழு வெளிச்சம் வரச் சற்று நேரமாவதும் அங்கே ஓர் இடைஞ்சல்.

பதில் 2:
பழுதானதைத் தயவுசெய்து குப்பையில் எறியாதீர்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. என் கையிலிருந்து ஒன்று தவறி விழுந்து உடைந்தபோது, சன்னல்களைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடங்கள் வெளியே நின்றேன். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை வழித்து, ஒட்டுநாடாவால் துகள்களை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்தேன். துடைப்பம் பயன்படுத்தினால் துகள்கள் பரவும்.

பதில் 3:
குளியலறைக்கு எல்இடி பொருத்துங்கள். அதில் பாதரசம் இல்லை, போட்டவுடன் முழு வெளிச்சம் வரும். கூடத்து விளக்கு எரியும்வரை எரியட்டும்.