மழைக்குப் பின் ஓடைத் தடங்கள்: ஓட்டியவர்களின் அனுபவங்கள்

மழை நின்ற மறுநாள், கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுவதற்கென உள்ள ஆஃப்-ரோடு பூங்காவின் ஓடைத் தடத்தில் இறங்கலாமா என்று கேட்டிருந்த நண்பருக்காக இதை எழுதுகிறேன். இறங்கலாம். ஆனால் ஆழம் எவ்வளவு என்பதை மட்டும் விசாரித்து முடிவெடுக்க வேண்டாம். நான் கண்டவரை, ஓடையில் சிக்கிய வண்டிகளில் பெரும்பாலானவை அக்கரையில் ஏறும் இடத்தில்தான் சிக்கியிருக்கின்றன. முதலில் கடக்கும் வண்டி காய்ந்த கரையில் சிரமமின்றி ஏறிவிடுகிறது. அதன் டயர்களிலிருந்தும் அடிப்பாகத்திலிருந்தும் வழியும் நீர் கரையை நனைக்க, அடுத்து வரும் வண்டி அந்த ஈரத்தைச் சேறாக்க, பின்னால் வருபவர்களின் சக்கரங்கள் அந்தச் சேற்றில் சுழன்று பள்ளம் பறித்துவிடுகின்றன. காலையில் எளிதாக ஏறிய கரை, பிற்பகலில் இரண்டு ஆழமான சக்கரப் பள்ளங்களும் நடுவில் ஒரு மண்மேடுமாக மாறியிருக்கும். ஏடிவியின் (கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நான்கு சக்கர வண்டி) அடித்தகடு அந்த மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால், நான்கு சக்கரங்களும் சுழன்றாலும் வண்டி நகராது.

ஒருமுறை எங்களுக்கு முன்னால் சென்ற குழுவில் இருவர் அருகருகே அமர்ந்து செல்லும் ஒரு சைடு-பை-சைடு வண்டி அப்படிப்பட்ட கரையில் பாதி ஏறி, பிடிப்பை இழந்து, பின்பக்கமாகவே வழுக்கி ஓடைக்குள் திரும்பியது. அதற்குள் அவர்களுடைய அடுத்த வண்டி நீரின் நடுவில் வந்துவிட்டிருந்தது. பின்னால் இருந்தவர் தம் வண்டியைப் பின்னோக்கி எடுக்க முடிந்ததால் மோதல் தவிர்ந்தது. நீரோட்டம் இன்னும் சற்று வலுவாக இருந்திருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது. முன் வண்டி அக்கரையில் சமதளத்தை அடையும்வரை அடுத்த வண்டியின் சக்கரம் நீரைத் தொடக் கூடாது என்பதை எங்கள் குழுவில் இன்றும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்.

வெள்ளம் வடிந்த ஓடையைப் படிப்பது தனிக் கலை. வழக்கமான நாட்களில் ஆழமற்று மெதுவாக ஓடும் பகுதிகளில் கற்களின்மேல் பாசி படிந்திருக்கும். தட்டையான பாறைப் பரப்பாக இருந்தால் அதில் நடப்பதே கடினம். பெருவெள்ளம் வந்து போனபின் கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பாசி நீங்கியிருப்பதால், பிடிப்பு முன்பைவிட நன்றாக இருப்பதும் உண்டு. ஆனால் மடுக்கள் இடம் மாறியிருக்கும். சென்ற மாதம் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் இப்போது இடுப்பளவு குழி இருக்கலாம். பொதுவாக வளைவின் வெளிப்பக்கத்தை நீர் அரித்து ஆழமாக்கும்; உட்பக்கத்தில் சரளை ஒதுங்கி மேடாகும். நீர் அகலமாகப் பரவிச் சலசலத்து ஓடும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. குறுகிச் சத்தமின்றி ஓடும் இடத்தை நான் நம்புவதில்லை. அடி தெரியாதபடி கலங்கியிருந்தால் கழியால் குத்திப் பார்த்த பிறகே இறங்குவேன். வானம் தெளிந்திருக்கிறதே என்று எண்ணி ஏமாறவும் கூடாது. மேல்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்துக் கீழே வந்து சேரலாம். தெளிந்து ஓடிய நீர் திடீரென நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, அந்தக் கடவையை அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது.

* * *

மேலே எழுதிய நண்பர் கரையைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வண்டிக்குள் நீர் புகுவதைப் பற்றி அவர் எழுதவில்லை என்பதால் நான் கண்டதைச் சேர்க்கிறேன்.

எங்களுடன் வந்த ஒருவர், முழங்கால் ஆழமே இருந்த ஓடையில் வேகமாக இறங்கினார். முன்னால் எழும்பிய நீர் காற்று உறிஞ்சும் குழாயின் வாய்க்குள் நேராகச் சென்று, இஞ்சின் ஒரே அடியில் நின்றது. அவர் மீண்டும் ஸ்டார்ட்டர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டியபோது, குழுவில் மூத்தவர் ஓடிவந்து தடுத்தார். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது இஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். வண்டியைக் கரைக்கு இழுத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்து, ஸ்பார்க் பிளக்கை நீக்கிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தியபோது, பிளக் துளையிலிருந்து நீர் பீறிட்டது. அதற்குப் பிறகும் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. பொறுமைக்குப் பலன் இருந்தது. இஞ்சினுக்குள் சேதம் எதுவும் இல்லை.

கியருக்குப் பதிலாக சிவிடி எனப்படும் பெல்ட் அமைப்பில் ஓடும் வண்டிகளில் வேறொரு தொல்லை உண்டு. பெல்ட் உறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். இஞ்சின் கதறும், வண்டியோ நகராது. பலர் அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி பெல்ட்டைக் கருக்கிக்கொள்கிறார்கள். நியூட்ரலில் வைத்துச் சற்று நேரம் இஞ்சினைச் சுழலவிட்டால் நீர் பெரும்பாலும் வெளியேறிவிடும். உறையின் அடியில் வடிகால் திருகு உள்ள வண்டியானால் அதை முதலில் திறக்க வேண்டும்.

பலரும் கவனிக்காதது, இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுப்பான டிஃபரென்ஷியல். நீண்ட தூரம் ஓடிச் சூடான அதன் கூடு குளிர்ந்த நீரில் அமிழும்போது, உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. காற்றோட்டக் குழாய் அடைபட்டிருந்தாலோ அதன் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அன்றைக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு எண்ணெயை வடித்துப் பார்த்தால் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஆழமான நீருக்குள் இறங்குமுன் சில நிமிடங்கள் நின்று வண்டியை ஆறவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டதற்கு இதுவே காரணம். காத்திருக்கும் நேரத்தில் அக்கரையையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏடிவி ஓட்டுபவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதன் அகலமான, காற்று குறைந்த டயர்கள் ஆழமான நீரில் மிதக்க முற்படும். அடித்தளத்தைத் தொடும் அழுத்தம் குறைந்தவுடன், மிதமான ஓட்டம்கூட பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வண்டி நின்றுவிட்டால், அதைப் பிடிக்க வருபவர்கள் நீர் வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். கீழ்ப்பக்கம் நின்றால் வண்டி உருண்டு அவர்கள்மேல் விழக்கூடும்.

* * *

நான் டர்ட் பைக் (மண் தடங்களுக்கான பைக்) ஓட்டுபவன். ஓடையைவிட, ஓடைக்குப் போகும் தடமே மழைக்குப் பின் என்னை அதிகம் வருத்தியிருக்கிறது. பச்சை வட்டம் போட்ட தடம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம் என்று பல பூங்காக்கள் குறியிட்டிருக்கின்றன. அந்தத் தரம் உலர்ந்த நிலத்தை மனத்தில் வைத்து இடப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. களிமண் சரிவில் உள்ள பச்சைத் தடம் ஈரமானால், மணலும் பாறையும் கலந்த நீலத் தடத்தைவிட மோசமாகிவிடும். களிமண் டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பொத்தான்களுக்கு இடையில் அப்பிக்கொண்டு அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடுகிறது. மணல் தடம் நேர்மாறானது. காய்ந்திருக்கும்போது காலை வாரும், லேசான மழைக்குப் பின் இறுகி நல்ல பிடிப்பைத் தரும். எனவே மழை பெய்த மறுநாள் நான் வாயிலில் கேட்கும் முதல் கேள்வி எந்தப் பகுதி மணற்பாங்கானது என்பதுதான்.

டயர் காற்றை ஈரத் தடத்துக்கு 12 அல்லது 13 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன். இதைவிடக் குறைத்தால் ஓடைக் கற்களில் மோதும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் கிள்ளுப்பட்டுப் பஞ்சராகும் அபாயம் கூடும். நீருக்குள் இருக்கையைவிட்டு எழுந்து நின்று, முன்சக்கரத்தின் அடியில் பாயும் நீரைப் பாராமல் ஏற வேண்டிய கரையைப் பார்த்து, இரண்டாம் கியரில் சீராக ஓட்டுவதே எனக்கு ஒத்துவருகிறது. ஓடும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி தானாக அந்தத் திசைக்கு இழுபடும். வெளியே வந்தவுடன் பிரேக்கை மெதுவாகப் பிடித்தபடி சற்றுத் தூரம் ஓட்டி உலர்த்திக்கொள்ள வேண்டும். ஓடைக்கு அடுத்து இறக்கம் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

குறியிட்ட கடவைகளில் மட்டும், நீரோட்டத்துக்குக் குறுக்காகக் கடக்கும்படி பூங்காக்கள் சொல்வதைச் சிலர் வீண் கெடுபிடி என்கிறார்கள். ஓடையின் நெடுகே ஓட்டும்போது எழும் வண்டல், சரளைக் கற்களின் இடுக்குகளை அடைத்து, அங்கே மீன்கள் இட்ட முட்டைகளுக்கு ஆக்சிஜன் எட்டாமல் செய்துவிடுகிறது. ஓடைக்குள்ளேயே நீளமாக ஓட்டத்தான் வேண்டும் என்பவர்கள், அதற்கென்றே திறந்துவிடப்பட்ட தடங்கள் உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுக்கலாம்.

* * *

வண்டியைக் கழுவுவதைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். ரேடியேட்டரில் அப்பிய சேற்றை அன்றே நீக்காவிட்டால், அடுத்த முறை சிறிய ஏற்றத்திலேயே இஞ்சின் கொதிக்கும். அழுத்தம் மிகுந்த பீச்சுக்குழாயை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சக்கர பேரிங்குகளின் ரப்பர் சீல்களைத் தாண்டி நீர் உள்ளே போகும். ஓடை செய்யாத சேதத்தை வாயிலில் இருக்கும் கழுவுமிடம் செய்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரணக் குழாய் நீரை, விசிறி இருக்கும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி விட்டால் சேறு வந்த வழியே வெளியேறும். சங்கிலிக்கு எண்ணெய் இடுவதையும், ஏர் ஃபில்டரைப் பார்ப்பதையும் அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள்.