சலித்த கோதுமை மாவில் ஆன்டிஆக்ஸிடன்ட் மிஞ்சுமா?

மல்லேஸ்வரம்வாசி:
மில்லில் அரைத்து வரும் கோதுமை மாவைச் சன்னச் சல்லடையில் சலித்தால்தான் சப்பாத்தி மெத்தென்று வருகிறது. நார்ச்சத்து குறையும் என்று தெரியும். ஆன்டிஆக்ஸிடன்டும் போய்விடுமா? ராகி மாவையும் இப்படிச் சலிக்கலாமா? முளைகட்டினால் ஈடாகுமா?

தவிட்டுக்குருவி:
பெரும்பகுதி போய்விடும். கோதுமையில் முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட் ஃபெருலிக் அமிலம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தனியாக இல்லை, தவிட்டிலுள்ள அராபினோசைலான் என்ற நாரோடு எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுகுடலில் இந்தப் பிணைப்பு அவ்வளவாக உடையாது. பெருங்குடல் பாக்டீரியாதான் மெதுவாகப் பிரித்தெடுக்கும். ஆகவே நாரைத் தள்ளிவிட்டு ஆன்டிஆக்ஸிடன்டை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

சப்பாத்தி முரடாவது காய்ந்த தவிட்டால்தான். பிசைந்த பிறகும் அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மாவுக்கு இழுவை தரும் க்ளூட்டன் என்ற புரத இழையையும் அறுக்கும். சலிப்பதென்றால் சலியுங்கள், தவிட்டை மட்டும் கொட்டாதீர்கள். ஒரு கப் தவிட்டுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் ஊறவிட்டு, மாவோடு சேர்த்துப் பிசைந்து அரைமணி மூடி வையுங்கள். தண்ணீரை இந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் மாவு பிசுபிசுக்கும்.

ராகிக்களி:
ராகி வேறு கதை. மேலே இருக்கும் காகிதம் போன்ற உமி புடைத்தாலே பறந்துவிடும், அது போகலாம். அதற்கடியில் மணியோடு ஒட்டிய செம்பழுப்புத் தோலில்தான் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் வகை குவிந்திருக்கிறது. வெள்ளை ராகியில் இது மிகக் குறைவு. கல், தூசிக்காகப் பெரிய கண் சல்லடை போதும், துணியில் சலித்தால் அந்தத் தோல் துணியிலேயே தங்கிவிடும்.

முளைகட்டுவது ஈடாகாது. தோலில் உள்ள டானின் என்ற பாலிஃபீனால் குறையும், பிணைந்த ஃபெருலிக் அமிலத்திலும் கொஞ்சம் விடுபட்டுப் போகும். ஆனால் டானினும், தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்புச்சத்தைப் பிடித்து வைப்பவை, அவை குறைவதால் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். ரத்தசோகை உள்ளவருக்கு முளைகட்டிய மாவு, எலுமிச்சை பிழிந்து. மற்றவர்களுக்குச் சாதா மாவில் களி. என் கட்சி இதுதான்.

லேப்கோட்:
பாக்கெட்டில் போடும் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களை நம்பி வாங்காதீர்கள். மெத்தனால் என்ற கரைப்பானில் கரைத்து அளந்தால் நாரோடு பிணைந்தது கணக்கில் வராது, கோதுமை ஏழையாகத் தெரியும். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் பிணைப்பை உடைத்து, அமிலமாக்கி, எதில் அசிடேட் என்ற இன்னொரு கரைப்பானில் பிரித்தெடுத்த பிறகே முழுக் கணக்கு கிடைக்கும். எந்த முறையில் அளந்தார்கள் என்று பாக்கெட் சொல்வதில்லை.

மல்லேஸ்வரம்வாசி:
நன்றி. தவிட்டோடு வைத்தால் மாவு சீக்கிரம் கசக்கிறதே?

தவிட்டுக்குருவி:
தவிட்டிலும் மணிக்குள் இருக்கும் முளைக்கருவிலும் எண்ணெய் உண்டு, அரைத்ததும் லிப்பேஸ் நொதி அதைச் சிதைக்கத் தொடங்கும். மில்லிலிருந்து சூடாக வந்த மாவை உடனே டப்பாவில் அடைத்தால் நீர்கோத்து இன்னும் சீக்கிரம் கெடும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து, பாதியை ஃபிரிட்ஜில் வையுங்கள்.