அலைபேசிக் கட்டணத்திற்கு ஆணையம் உச்சவரம்பு விதிக்க முடியாதா?

கேள்வி:
2024 ஜூலைத் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாள்களில் கட்டணத்தை உயர்த்தின. இணையமே பயன்படுத்தாத என் தாயார், பேசுவதற்காக மட்டும் டேட்டாவும் சேர்ந்த திட்டத்தை வாங்க நேர்ந்தது. இதைத் தடுக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு அதிகாரம் இல்லையா?

மறுமொழி 1:
அதிகாரம் உண்டு, ஐயா. 1997ஆம் ஆண்டின் டிராய் சட்டம், 11(2) பிரிவில், கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையை அதற்கு அளிக்கிறது. ஆனால் போட்டியே விலையைக் கட்டுக்குள் வைக்கும் என்று கருதி, பெரும்பாலான கட்டணங்களை நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ள ஆணையம் விட்டிருக்கிறது. தேசிய ரோமிங் போன்ற சிலவற்றுக்கு உச்சவரம்பு உண்டு.

மறுமொழி 2:
அந்தக் கருத்து பல நிறுவனங்கள் மோதிக்கொண்ட காலத்துக்குப் பொருந்தியது. 2016இல் ஜியோ நுழைந்தபின் விலை சரிந்து, சில நிறுவனங்கள் மூடப்பட்டும் சில இணைக்கப்பட்டும், இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் பொதுத்துறையும் மட்டுமே எஞ்சியுள்ள நிலையில், போட்டியை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. ஆணையம் தலையிட்டால் பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு: தன் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் எண்ணை அழைக்கும்போது ஒரு நிறுவனம் அந்த நிறுவனத்துக்குச் செலுத்திய இணைப்புக் கட்டணத்தை, நிமிடத்துக்கு 14 காசிலிருந்து 2017 அக்டோபரில் 6 காசாகக் குறைத்து, 2021 ஜனவரியில் முற்றிலும் நீக்கியது டிராய்தான்.

மறுமொழி 3:
தங்கள் தாயாருக்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. அத்தகைய திட்டங்களின் காலவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீட்டித்தது. எனினும் அதன் விலையை நிறுவனமே நிர்ணயிப்பதால், வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளையே விசாரிக்கிறேன்.