மறு: ஸ்பேமுக்குத் தமிழ்ச்சொல் – குப்பையா, ஈயா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். 'ஸ்பேம்', அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பரச் செய்தி, அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறோம். என் ஓட்டு 'மொய்'க்கு. அதற்குமுன் பேராசிரியர் ஐயா எழுதியதற்கு ஒரு பதில்.

> 'வேண்டா வணிக மொத்த மின்னஞ்சல்' என்பதுதான் முழுப்பொருளையும் தரும். சுருக்கினால் பொருள் சிதையும்.

பேராசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நேற்று எனக்கு வந்த ஸ்பேமே இதைவிடச் சின்னது. 'லோன் ரெடி', அவ்வளவுதான். மின்னஞ்சல் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நம் தம்பிக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும். பொத்தானின் அகலம் ஒரு கட்டைவிரல். ஐயாவின் நான்கு சொற்களையும் அதில் ஏற்றினால் அது பொத்தானாக இருக்காது, கூட்ஸ் வண்டியாகிவிடும்.

இன்னொன்று, இந்த வியாதி மின்னஞ்சலோடு நிற்கவில்லை. விளம்பர அழைப்புகளுக்கான 140இல் தொடங்கும் எண்ணிலிருந்து மத்தியானத் தூக்கத்தில் அழைப்பு வருகிறது. குறுஞ்செய்தி வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது. 1909க்குப் புகார் அனுப்பினால், புகார் கிடைத்தது என்று அதற்கும் ஒரு செய்தி வருகிறது. அதனால் சொல்லின் வாலிலேயே 'அஞ்சல்' என்று கட்டிவைக்க வேண்டாம். தேவைப்படும் இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் என் வலைப்பூவில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதினேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய இடம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், எழுதாமல் இருக்க முடியுமா? மூன்று வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நான்காவது வாரம் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: மிகச் சிறந்த கட்டுரை, என்னைச் சிந்திக்க வைத்துவிட்டீர்கள், தொடர்ந்து எழுதுங்கள். வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ரசிகரின் பெயரைத் தொட்டார். ஏதோ ஒரு நாட்டில் குளியலறை டைல்ஸ் விற்கும் கடை திறந்துகொண்டது. பரவாயில்லை, டைல்ஸ் விற்கிறவருக்கு ரயில் பிடிக்கக் கூடாதா என்று வாதாடினேன். மறுநாள் காலையில் அதே ரசிகர் அதே வார்த்தைகளில் நாற்பத்தாறு முறை பாராட்டியிருந்தார். 'சோதனை' என்ற தலைப்பில் எழுத்துரு தெரிகிறதா என்று பார்ப்பதற்காக நான் போட்ட ஒற்றை வரிப் பதிவும் அவரைச் சிந்திக்க வைத்திருந்தது.

ஒரு தடவை வந்தபோது அது பாராட்டு. நாற்பத்தாறு தடவை வந்ததால்தான் ஸ்பேம். இதைத்தான் நாம் மூன்று நாளாகக் கோட்டைவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் கதையும் இதற்குத்தான் சாட்சி சொல்கிறது. ஸ்பேம் என்பது 1937இல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் விற்கத் தொடங்கிய டப்பா இறைச்சியின் பெயர். போட்டி வைத்துத்தான் பெயர் பிடித்தார்கள், பரிசு 100 டாலர். (நமக்கு ஒரு டீகூடக் கிடையாது.) 1970இல் மான்டி பைதான் குழுவினர் பிபிசியில் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். சாப்பாட்டுக் கடை ஒன்றில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பேம். கூட உட்கார்ந்திருக்கும் கடலோடிகள் 'ஸ்பேம், ஸ்பேம்' என்று பாடிப் பாடி மற்றவர் பேச்சே கேட்காமல் அடித்துவிடுவார்கள். அரட்டை நடக்கும் இடத்தில் ஒரே வரியை ஓயாமல் கொட்டிப் பேச்சைக் கெடுத்தவர்களைக் குறிக்கப் பின்னாளில் கணினிக்காரர்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதாவது, இறைச்சி கெட்டுப்போனது என்பதற்காக யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை. பேசவிடாமல் சூழ்ந்துகொண்டது என்பதற்காக வைத்தார்கள்.

சொல் வருமுன்பே செயல் வந்துவிட்டது என்பது தனி வேடிக்கை. 1978 மே மாதம் டிஇசி கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். திட்டும் கிடைத்தது, வியாபாரமும் கிடைத்தது. பின்னதுதான் நம் தலையெழுத்து.

இப்போது வரிசையில் நிற்கும் சொற்கள்.

'குப்பை' எல்லோருக்கும் புரியும். ஆனால் குப்பை என்பது பொருளின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நல்ல புடவைக் கடைகள் இருக்கின்றன. அதில் ஒரு கடை ஆடித் தள்ளுபடியைப் பற்றி ஒரே நாளில் ஒன்பது குறுஞ்செய்தி அனுப்பினால் புடவை குப்பையாகிவிடுமா? புடவை நல்ல புடவைதான், தொல்லை அந்த ஒன்பதில் இருக்கிறது.

'எரிதம்' ஏற்கெனவே தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்குகிறது. சின்னது, தமிழாகவும் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பதைப் பிடுங்கிப் போடுவது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் தெரு மொபைல் கடைத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "எரிதமா? வெறும் வயித்துல டீ குடிச்சா வருமே, அதாண்ணே?" என்றார். எரிவது நான். செய்தி என்ன செய்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இதே காரணத்தால் நான் முந்தாநாள் பாதி விளையாட்டாகக் கொடுத்த 'பேஜார்' என்பதையும் வாபஸ் வாங்குகிறேன். உருதுக்காரரிடம் கேட்டால் சலித்துப்போன ஆளைத்தான் 'பேஸார்' என்பார். பார்சீகச் சொல் என்று ஐயா அடித்தது சரியான அடிதான், ஆனால் அதற்கு முன்பே அது பொருளில் விழுந்துவிட்டது.

'களை' எனக்கு உண்மையிலேயே பிடித்தது. பெயராகவும் நிற்கும், வினையாகவும் ஓடும். களையெடுப்பு என்றால் வடிகட்டல். ஆனால் 'பெட்டி களைகட்டியிருக்கிறது' என்று யாராவது எழுதினால் திருவிழா என்று நினைத்துப் பலூன் வாங்கப் போய்விடுவோம். தவிர, நான் பார்த்து வளர்ந்த ஒரே களை பக்கிங்ஹாம் கால்வாயின் ஆகாயத்தாமரை. அதற்கு இருக்கும் அழகு ஸ்பேமுக்குக் கிடையாது.

சரி, 'மொய்'க்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வவ்வால் மீன் வாங்கப் போனபோது பிறந்தது. பலகையில் நறுக்கி வைத்த துண்டத்தைச் சுற்றி ஈ. மீன்கார அக்கா குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் பையால் வீசிக்கொண்டே இருந்தார். வீசினால் எழும்பும், கை ஓய்ந்தால் உட்காரும். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "ஈ மொய்க்குதேன்னு பாக்காத தம்பி, மருந்தடிச்ச மீனுக்கு ஈ வராது" என்றார். ஒரு ஈயை யாரும் மொய்க்கிறது என்று சொல்வதில்லை. உட்கார்ந்தது என்போம். கூட்டமாக, விரட்ட விரட்ட, நம்மைக் கேட்காமல் வந்தால்தான் மொய்ப்பு. ஸ்பேமுக்கு இதைவிட வரையறை வேண்டுமா? அக்கா சொன்னபடி பார்த்தால் என் மின்னஞ்சல் பெட்டி மிக நல்ல பெட்டி என்றும் ஆகிறது.

வினை தயாராக இருக்கிறது: 'என்னை மொய்க்காதே.' அனுப்புகிறவர் மனிதர் என்றால் மொய்ப்பவர், நிரல் என்றால் மொய்ப்பான். அஞ்சல் சேர்ந்தால் மொய்யஞ்சல், மெய்யெழுத்து மாதிரி ஒற்று இரட்டிக்கும். 'மொய்ச்செய்தி'யா 'மொய்செய்தி'யா என்று நேற்றிரவு கேட்டிருந்தீர்கள். வினைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகாது; பழைய பாட்டில் 'மொய்குழல்' என்றுதானே வருகிறது. பெண்ணின் அடர்ந்த கூந்தலுக்கு வந்த அடைமொழியை லோன் விளம்பரத்துக்குத் தருவதா என்று கவிஞர் அண்ணன் வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானது, பதில் என்னிடம் இல்லை.

> மொய் என்றால் கல்யாண மொய்தானே முதலில் நினைவுக்கு வரும்?

வரும். வரட்டும் அக்கா. சொந்தபந்தம் கூட்டமாக வந்து வைப்பதால்தான் அதற்கும் மொய் என்று பெயர் வந்திருக்கும் என்பது என் ஊகம். அதோடு, எனக்கு வரும் ஸ்பேமில் பாதி, கோடிக்கணக்கில் பணம் தருகிறேன் என்றுதான் வருகிறது. ஒரே வித்தியாசம், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிடுகிறோம், இவர்கள் கூப்பிடாமலே வந்து மொய்ப்பணத்தையும் நம்மிடமே கேட்கிறார்கள்.

ஒரு ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வடிகட்டி எழுதுபவர்கள் ஸ்பேம் அல்லாத நல்ல அஞ்சலை 'ஹாம்' என்பார்கள், அதுவும் இறைச்சிதான். மொய்க்கு எதிராக நல்ல அஞ்சலை என்னவென்று சொல்வது? 'மீன்' என்று சொன்னால் ஈக்குப் பொருந்துகிறது. ஆனால் தூண்டில் போட்டுக் கடவுச்சொல்லைத் திருடுகிறார்களே, அந்த மோசடியில் மீன் நாம்தான். ஒரே அகராதியில் இரண்டு மீன் வேண்டாம். யாராவது யோசியுங்கள்.

பி.கு.: தமிழாக்கத் தம்பிக்கு, இப்போதைக்கு இரண்டு பொத்தான். 'மொய் எனக் குறி', 'மொய் அல்ல'. இரண்டாவதைப் படித்ததும் வீட்டம்மா சிரித்துவிட்டார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று அச்சடித்த பிறகும், மண்டப வாசலில் மேசை போட்டு நோட்டோடு உட்கார்ந்தவர் என் மாமனார்.